அழுக்கு இலைகள்

மிரியா துறை,
4 பிப்ரவரி 1987

இளையவள் சிப்ரோசாவுக்கு மூத்தவள் பெரெஸ் எழுதுவது.

உன் முழங்கால் எப்படி, கிசுமுச் சந்தையில் பழந்துணி வியாபாரம் எப்படி, உன் அறையில் இன்னும் மூட்டைப்பூச்சிதானா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் எனக்கு வேறு வேலை இருக்கிறது. இங்கே ஏரி இருந்த இடத்தில் இருக்கிறது. நானும் இருந்த இடத்தில்தான் இருக்கிறேன். என்னை நகர்த்த உன் மகன் ஒரிந்தா புறப்பட்டிருக்கிறான்.

போன வியாழக்கிழமை என் சாப்பாட்டுக்கடைக் கதவில் காகிதம் அடித்துவிட்டான். சுத்தியல்கூட என்னுடையதுதான். காலையில் அவன் பெண்டாட்டி ரிஸ்பா வந்து, "அத்தை, சுத்தியல் குடுங்க, அவரு கேக்குறாரு" என்றாள். கோழிக்கூட்டைச் சரிசெய்யக் கடைசியில் மனசு வந்ததாக்கும் என்று சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன். அரை மணி கழித்துத் துறைக்குப் போனால் என் கதவுமுன் நிற்கிறான். புதுக் காக்கிச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. சுகாதார அதிகாரி ஆகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு பேனா.

"ஏண்டா, இது யார் கடைன்னு தெரியுமா?"

"தெரியும் பெரியம்மா. பேரு போட்டிருக்கேனே."

"இதுக்குள்ள எத்தனை ஈயைக் கண்ட நீ?"

"ஈ இல்ல. அதான் ஈயைப் பத்தி எழுதவே இல்ல."

"பின்ன எதைக் கண்ட?"

"இலை இருக்கே பெரியம்மா."

ஏரியின் அந்தக் கரையில் காலரா வந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து, துறையில் சரியில்லாத கடையெல்லாம் மூடு என்று சொல்லிவிட்டுப் போனாராம். "எங்க பெரியம்மா கடைன்னு விட்டா, பக்கத்துல அலாய்ஸ் சாப்பாட்டுக்கடையை எந்த முகத்தோட மூடுவேன்?" என்று கேட்டான். அது நியாயமான கேள்வி. நான் ஒத்துக்கொண்டேன். காகிதத்தில் ஐந்து வரி இருக்கிறது. குடிநீரைக் கொதிக்க வை, கக்கூஸைத் தள்ளி வெட்டு, கை கழுவ சோப்பு வை, மீன்தலையைப் புதை. நாலும் சரி. ஐந்தாவது வரியில், கடையில் தொங்கும் அழுக்கு இலைகளை அகற்றி, கம்பிவலை போட்டு, மருந்தடிக்கும்வரை கடை மூடியிருக்கும் என்று எழுதியிருக்கிறது.

அழுக்கு இலைகள்! ஐந்தாவது வகுப்புவரை படித்தவள் நான், எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

நம் இருவருக்கும் வீட்டுக்காரரான நியாண்டிகா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். எனக்கு இரண்டும் பெண், இரண்டும் கட்டிக்கொடுத்துப் பேரப்பிள்ளைகள் ஏழு. இந்தக் குடும்ப வளவில் ஆண்பிள்ளை என்றால் நீ பெற்ற ஒருவன்தான். அவனுக்கு நீ ஒரு வரி எழுது. நான் சொன்னால் சட்டம் பேசுகிறான். பெற்றவளிடம் பேசமாட்டான்.

அன்புடன்,
பெரெஸ் அபுயா


கிசுமு,
13 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தெருவில் நின்றபடியே படித்தேன். தபால்காரர் "யாரும்மா தவறினது?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்ததாம். கதவில் ஒரு காகிதம், அவ்வளவுதான் என்றேன். அவருக்கு ஏமாற்றம்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பையன் செய்தது சரி. அவன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வார்கள். அவனைப் படிக்கவைக்க எத்தனை பேர் போட்டுக் கழித்த சட்டையை நான் தோளில் சுமந்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். தன் வீட்டுக் கடையை மட்டும் விட்டுவிட்டான் என்று ஒருவன் மேலே எழுதிப்போட்டால் போதும்.

கம்பிவலையை நானே வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். இலைகளை இறக்கி ஒரு மூலையில் வையுங்கள். ஜீப் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். போன பிறகு மாட்டிக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு வாரம் தலை குனிந்தால் கடை உங்களுக்கு, வேலை அவனுக்கு. நம் வீட்டுக்காரர் சொல்வாரே, பெரெஸ் ஏரியோடு சண்டைக்குப் போனால் ஏரிதான் பின்வாங்க வேண்டும் என்று. அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை அக்கா. உங்களுக்கு அது இன்றுவரை தெரியாது.

மூட்டைப்பூச்சி இருக்கிறது. அறையை வாடகைக்கு விட்டவன் மாதாமாதம் மருந்தடிக்கிறான். நான்தான் இருமுகிறேன், மூட்டைப்பூச்சி இருமுவதாகத் தெரியவில்லை.

உங்கள் தங்கை,
சிப்ரோசா


மிரியா துறை,
24 பிப்ரவரி 1987

சிப்ரோசாவுக்கு,

கம்பிவலை வந்து சேர்ந்தது. நல்ல வலை. கோழிக்கூட்டுக்கு அடித்துவிட்டேன், இனிக் கீரிப்பிள்ளை வேறு வளவு பார்க்க வேண்டியதுதான்.

அந்த நாலு வரியையும் செய்து முடித்தேன். எண்ணெய் பீப்பாயைத் தேய்த்துக் கழுவி அதில் தண்ணீர் கொதிக்கவைக்கிறேன். கக்கூஸ் நாற்பது எட்டு தள்ளி. எட்டு வைத்து அளந்தது என் கால், ஒரிந்தாவின் கால் இல்லை என்பதால் அவன் மறுபடி அளந்தான். முப்பத்திரண்டு வந்தது. அவன் காலுக்கும் நாற்பது வரட்டும் என்று இன்னும் தள்ளி வெட்டவைத்தேன். தண்ணீரில் நோய் வரும் என்றால் வரும், அதில் எனக்கு வீம்பு கிடையாது. என் இலை காலராவைத் தடுக்கும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஈயைத் தடுக்கும். அதைத் தடுக்கிறது.

நீ இந்த வளவில் இருந்த வருஷங்களில் அடுப்பைப் பார்த்தாயே தவிரப் புகையைப் பார்க்கவில்லை. காலையில் காற்று கரையிலிருந்து ஏரிக்குப் போகும், மத்தியானம் ஏரியிலிருந்து திரும்பி வரும். அதனால் ஓட்டுச்சட்டியைக் காலையில் பின்வாசலில் வைப்பேன், படகுகள் கரையேறும்போது முன்வாசலுக்கு மாற்றுவேன். சட்டியில் சாணித்தணல், அதன்மேல் உண்ணிச்செடி இலை. காய்ந்த இலை என்றால் குப்பென்று பிடித்துக்கொள்ளும், பச்சை இலை தணலைக் கொன்றுவிடும். நிழலில் இரண்டு நாள் வாடியதுதான் புகையும். மேசையை நாய்த்துளசி கசக்கித் துடைக்கிறேன். வாசலில் கட்டித் தொங்கவிடுவதும் அதுதான். சும்மா தொங்கினால் மணக்காது, உரசினால்தான் மணக்கும். அதனால்தான் ஆள் தலையில் படுகிற மாதிரித் தாழக் கட்டுவது. நெட்டையான படகுக்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட வருவார்கள். மூன்றாம் நாள் கொத்தை மாற்றாவிட்டால் அது வெறும் வைக்கோல், அதைத் தொங்கவிடுகிறவளை நீ அழுக்கு என்று சொல்லிக்கொள். நான் ஒரு நாளும் மூன்றாம் நாளைத் தாண்டியதில்லை.

அலாய்ஸ் வலை போட்டு மருந்தடித்துக் கடையைத் திறந்துவிட்டான். வாசலில் நின்று கூப்பிடுகிறான், "வாங்க வாங்க, அரசாங்கம் பாத்த கடை!" என்று. வலைக்கதவை ஆட்கள் திறந்து திறந்து மூடினால் ஈ வெளியிலேயே நின்றுவிடுமா? உள்ளே போகிறது, மருந்தில் மயங்குகிறது, கீழே விழுகிறது. கீழே என்ன இருக்கிறது? குழம்பு. திங்கட்கிழமை ஒரு படகுக்காரன் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "அலாய்ஸ், உன் பொடிமீனுக்கு ரெக்கை முளைச்சிருக்கே!" என்று கேட்க, துறையே சிரித்தது. என் புகை ஈயைக் கொல்லாது. வராதே என்று சொல்லும், அது மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அலாய்ஸ் கடைக்குப் போகும்.

நீ சொன்னபடி ஒளித்துவைத்து மாட்ட மாட்டேன். திருடிய பொருளா அது?

இப்போது கேள். காற்று திரும்பிவிட்டது, பத்து நாளில் மழை இறங்கும். மூத்தவள் கை விதை விழாமல் இந்த வளவில் வேறு எந்தக் கையும் விதை போடாது. இது நான் வைத்த சட்டம் இல்லை. எனக்குப் பிறகுதான் உன் காடு, உன் காட்டைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்பா. அவன் சட்டத்துக்கு நான் என் கடையை மூடி வைத்திருக்கிறேன். என் சட்டத்துக்கு அவன் கொஞ்சம் காத்திருக்கட்டும். கடை மூடியிருப்பது போதாது என்று என் கையும் இந்த வருஷம் மூடிக்கொண்டது. அந்த "அழுக்கு" அழிந்தால் திறக்கும்.

அவனிடம் நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

பெரெஸ் அபுயா


கிசுமு,
10 மார்ச் 1987

பெரெஸுக்கு,

அக்கா என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

ரிஸ்பா எழுதியிருக்கிறாள். மழை இறங்கி ஆறு நாளாயிற்றாம். பக்கத்து வளவில் சோளம் முளைவிட்டுவிட்டதாம். நம் வளவில் உழுத கட்டிகள் நனைந்து நனைந்து கரைகின்றனவாம். அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்பதும், நீங்கள் "மழை நல்லா இருக்குல்ல?" என்று கேட்பதும், அவள் திரும்பிப் போவதும். இதையா செய்துகொண்டிருக்கிறீர்கள்? அந்தக் காட்டுச் சோளத்தைத்தான் அவள் குழந்தைகள் தின்ன வேண்டும், நானும் தின்ன வேண்டும். கடையும் இல்லாமல் விதையும் இல்லாமல் நீங்களும் என்னத்தைத் தின்பீர்கள், வீம்பையா?

விதைக்கும் முறையை என்னிடம் எடுக்காதீர்கள். யாரிடம் வேண்டுமானாலும் எடுங்கள், என்னிடம் வேண்டாம். 1959இல் உங்கள் அம்மா சாவுக்கு நீங்கள் பிறந்த ஊருக்குப் போயிருந்தீர்கள். மழை கொட்டுகிறது, நிலம் வாய் திறந்து கிடக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயது, வேறு ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த பெண், கையில் நிலக்கடலை இருந்தது. மூத்தவளுக்கு முன்னால் விதைத்துவிட்டேன். நாற்பது நாளில் என் கைக்குழந்தை ஆவினோ போய்விட்டாள். காய்ச்சலில் போனாள் என்று ஒருவர் சொல்லவில்லை. என் விதையால் போனாள் என்றார்கள். என் மார்பில் பால் கட்டிக்கொண்டிருக்கும்போது, என்னைத் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்ப உட்கார்ந்து பேசினார்கள்.

அன்றைக்கு நீங்கள் எழுந்து நின்று எனக்காகப் பேசினீர்கள். மறக்கவில்லை. என் கழுத்துக்கு வந்த அதே கத்தியை இன்று நீங்களே எடுத்து என் பேரப்பிள்ளைகளுக்கு நேரே பிடிப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

ஒரிந்தாதான் நாளைக்கு உங்களுக்கும் குழி வெட்ட வேண்டியவன். வேறு பிள்ளை இல்லை உங்களுக்கு. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்ரோசா


மிரியா துறை,
16 மார்ச் 1987

சிப்ரோசாவுக்கு,

இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

ஆவினோ பேரை நீ எழுதி நான் பார்ப்பது இதுவே முதல் தடவை. அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். எழுதினால் நான் இளகிவிட்டேன் என்று நினைப்பாய்.

குழியைப் பற்றி எழுதியிருக்கிறாய். வெட்டட்டும். எட்டு வைத்து அளந்தே வெட்டட்டும். செத்த பிறகு அவன் என் கதவை மூடிக்கொள்ளலாம். இருக்கும்போது மூடினால் கேட்பேன்.

சனிக்கிழமை கொழுந்தன் யோனா வந்தார், தடியை ஊன்றிக்கொண்டு. வளவுக்குப் பெரியவர் இப்போது அவர்தானே. பின்னால் ஒரிந்தா, அவன் பின்னால் ரிஸ்பா, மண்வெட்டியோடு. நான் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, மழை போய்க்கிட்டிருக்கு" என்றார் யோனா.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நல்லாப் போகுது."

"பிள்ளைங்க வயிறு, மதினி."

"என் வயிறு வயிறு இல்லையா? துறையில நாப்பது பேருக்குக் களி கிண்டுனவ நான், இப்போ எனக்கு மட்டும் கிழங்கு உரிக்கிறேன். ஒண்ணும் கழட்டச் சொல்லல, கிழிக்கச் சொல்லல. ஒரே ஒரு சொல்லு. அதைப் பேனாவால ஒரு கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்க. ரெண்டு பேனா வச்சிருக்கானே!"

ஒரிந்தா, "அது டைப் அடிச்சது பெரியம்மா. மூணு நகல் எடுத்தாச்சு. எல்லாக் கடைக்கும் அந்த வரியை அப்படித்தான் அடிக்கிறோம். உங்களைச் சொன்னதில்ல" என்றான்.

"என்னைச் சொல்லலைன்னா யாரைச் சொன்னது? என் கதவுலதானே அடிச்ச? சரிடா, அதிகாரி. உன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில என்ன பரப்பியிருக்கு?"

அவன் ரிஸ்பாவைப் பார்த்தான். ரிஸ்பா மண்வெட்டியைப் பார்த்தாள்.

"காட்டுச் சாமந்தி, அத்தை" என்றாள் மெதுவாக. "தெள்ளுப்பூச்சிக்கு. நீங்கதான் குடுத்தீங்க."

யோனாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக்கிக்கொண்டார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். "ஒரிந்தா, எழுதினதை வாயால சொல்லு. என் மூஞ்சியைப் பாத்து, உங்க இலை அழுக்குன்னு சொல்லிடு. இப்பவே விதைப்பையை எடுக்கிறேன், இந்த நிமிஷமே."

அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல பிள்ளைதான், பொய் வராது. ஆனால் கோடு போடவும் கை வரவில்லை. அப்படியே போய்விட்டார்கள். மூட்டையில் இருந்த என் பழைய சோளத்தில் பாதியை ரிஸ்பாவிடம் கொடுத்தனுப்பினேன். குழந்தைகளை நான் பட்டினி போடுகிறேன் என்று இனி எழுதாதே.

மழைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை அரிக்கிறது, சிப்ரோசா. முப்பத்தாறு வருஷமாக முதல் விதை போட்ட கை. பிடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விட மாட்டேன்.

பெரெஸ் அபுயா


கிசுமு,
20 மார்ச் 1987

அக்காவுக்கு,

இதைக் கண்டக்டரிடமே திருப்பி அனுப்புகிறேன். இரண்டு நாளாகச் சந்தைக்குப் போகவில்லை, இதை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து.

1959இல் பெரியவர்கள் முன்னால் நீங்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அவ எனக்கு முந்தி விதைக்கல. நான் ஊருக்குப் போறதுக்கு முந்தியே என் வாசல்ல நாய்த்துளசி விதை போட்டுட்டுத்தான் போனேன். விதைன்னா விதைதானே? முதல் விதை என்னுது. முறை மீறல. பிள்ளை காய்ச்சல்ல செத்துது" என்றீர்கள். மாமியார் உங்களையே பார்த்தார். பிறகு, விதை என்றால் விதைதான் என்று ஒத்துக்கொண்டு எழுந்து போனார்கள். நான் தங்கினேன். இரண்டு வருஷத்தில் ஒரிந்தா பிறந்தான்.

அக்கா, நீங்கள் ஊரில் இல்லாத அந்த நாட்களில் உங்கள் வாசலைக் கூட்டியவள் நான். நீங்கள் திரும்பி வந்த பிறகும் நான்தான் கூட்டினேன். அங்கே ஒரு முளை இல்லை. எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். எனக்காக நீங்கள் பொய் சொன்னீர்கள்.

அதற்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. பெரியவர்கள் என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். நீங்கள் என் தப்பைத் தூக்கி உங்கள் தலையில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள், உங்களை எப்படித் திட்டுவது? அதனால்தான் நம் வீட்டுக்காரர் கிசுமுவுக்கு மாற்றல் ஆனபோது ஓடிவந்துவிட்டேன். அவர் போன பிறகும் திரும்பவில்லை. மூட்டைப்பூச்சியோடு இருந்துவிடலாம், உங்கள் நல்ல குணத்தோடு இருக்க முடியாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். விதை என்றால் விதைதான் என்று ஒத்துக்கொண்டவர்களில் யோனாவும் ஒருவர், அப்போது மீசை முளைத்த பையன். முதல் விதை சோளமாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்த வளவில் சட்டம் இல்லை. இல்லை என்று ஆக்கியது நீங்கள். நாய்த்துளசியைப் போடுங்கள். அன்றைக்குப் போடாததை இன்றைக்குப் போடுங்கள், எல்லார் கண்ணுக்கும் முன்னால், அவன் அழுக்கு என்று எழுதினானே அதையே. அதற்குப் பிறகு ரிஸ்பா விதைக்கட்டும். நீங்கள் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுத்ததாகாது.

ஒரிந்தாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். அவன் அம்மா எழுதினாள்.

சிப்ரோசா


மிரியா துறை,
27 மார்ச் 1987

என் தங்கை சிப்ரோசாவுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. அரை நாள் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவர்கள் எழுந்து போன அன்று சாயந்திரமே பக்கத்து வளவில் விதை வாங்கி வந்து வாசலில் போட்டேன். பெரெஸ் பொய் சொன்னாள் என்று நாளைக்கு எவளும் சொல்லக்கூடாது பார். நீ அப்போது படுத்துக்கிடந்தாய், ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை, வாசல் கூட்டவும் இல்லை. அதனால் முளைத்ததை நீ பார்க்கவில்லை. வருஷா வருஷம் அது தானாக உதிர்ந்து தானாக முளைக்கிறது. கடையில் கட்டுவது அதிலிருந்து ஒடிப்பதுதான். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் உன் மகன் அழுக்கு என்று டைப் அடித்தான். கை ஏன் எழவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்ல வேண்டாம்.

உன் யோசனை எனக்கும் தோன்றியிருக்கும், இன்னும் இரண்டு நாளில். இருந்தாலும் உன்னுடையது என்றே எல்லாரிடமும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாரையும் கூப்பிட்டேன். வாசலில் இல்லை, காட்டுக்கே போனேன், நடு வரப்புக்கு. நாய்த்துளசி விதை கடுகைவிடச் சின்னது, மண்ணோடு கலந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். யோனா குனிந்து பார்த்தார்.

"மதினி, இது என்ன பயிரு?"

"நீங்க ஐம்பத்தொன்பதுல ஒத்துக்கிட்ட பயிரு."

தடிமேல் தாடையை வைத்துக்கொண்டு என் உள்ளங்கையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "ஆமா. ஒத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நான் தூவினேன். தூவி மண்ணைத் தள்ளி முடிக்கவில்லை, ரிஸ்பா மண்வெட்டியைக் கீழே இறக்கிவிட்டாள். அந்தப் பெண் அவ்வளவு வேகமாக விதைத்து நான் பார்த்ததில்லை. உன் காடு பாதிக்குமேல் முடிந்துவிட்டது. பின்மழை மட்டும் ஏமாற்றாமல் இருந்தால் நீ தின்ன சோளம் உண்டு.

மறுநாள் கடையைத் திறந்தேன். காகிதத்தை நான் தொடவில்லை. அது கதவிலேயே இருக்கிறது, கதவுதான் திறந்திருக்கிறது. தண்ணீர் கொதிக்கவைத்து, சட்டியில் தணல் போட்டு, புதுக்கொத்து கட்டி, களி கிண்டினேன். துறையில் மீன் காயப்போடும் பெண்கள் ஆளுக்கொரு கொத்து ஒடித்துக்கொண்டு போய்த் தங்கள் பந்தலில் கட்டினார்கள். நான் கட்டச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று நான் சொல்வதை ஒரிந்தா நம்பவில்லை.

மத்தியானம் வந்தான். கையில் இரண்டு நகல், கதவிலிருந்ததையும் பிடுங்கி அவற்றோடு சேர்த்துக்கொண்டான். பீப்பாயைத் திறந்து பார்த்தான், சோப்பை எடுத்துப் பார்த்தான், கக்கூஸுக்கு எட்டு வைத்துப் போனான். நாற்பத்தொன்று. கடை நிறைய ஆட்கள், களியை வாயில் வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தார்கள்.

"நாலு வரியும் சரியா இருக்கு பெரியம்மா."

"அஞ்சாவது?"

"அதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்ல. மேலதான் எழுதிக் கேக்கணும். பதில் வர மாசக்கணக்காகும்."

"ஆகட்டும். அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருக்கும்."

"அடுத்த புதன்கிழமை ஜீப் வருது."

"பசியோட வரச் சொல்லு."

அவன் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தான். மேசையில் உட்கார்ந்து மூன்று நகலிலும் கீழே எழுதினான். என்ன எழுதினான் என்று நானே குனிந்து படித்தேன். நான்கு உத்தரவும் நிறைவேறின, கடையில் ஈ இல்லை, இதை நான் நேரில் பார்த்தேன், ஐந்தாவது உத்தரவைக் கடைக்காரர் ஏற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். கடையில் ஈ இல்லை என்று எழுதியிருக்கிறான், சிப்ரோசா! அவன் வேலைக்கு ஆபத்து வருமென்று தெரிந்துதான் எழுதியிருக்கிறான். நீ அவனுக்கு என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.

நான் கையை நீட்டினேன். "உன்கிட்டதான் ரெண்டு பேனா இருக்கே. ஒண்ணைக் குடு."

"எதுக்கு பெரியம்மா?"

"ஏற்கலைன்னு நீ எழுதினா போதுமா? நான் எழுத வேண்டாமா? நாளைக்கு அந்த ஜீப்காரரு உன்னைக் கேட்டா, பையன் எழுதினதுன்னு ஆயிடும். என்னைக் கேக்கட்டும்."

கொடுத்தான். மூன்று நகலிலும் அவன் கையெழுத்துக்குக் கீழே, கோணாமல், ஐந்தாம் வகுப்பு எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்: மறுக்கிறேன். இலை அழுக்கில்லை. பெரெஸ் அபுயா.

ஒரு நகலை மேலே அனுப்பிவிட்டான். ஒன்று ஆபீசில். ஒன்றை மறுபடியும் என் கதவிலேயே அடித்தான், இந்தத் தடவை சுத்தியலை என்னிடமே கேட்டு வாங்கினான். வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

புதன்கிழமை நீ வா. எனக்குத் துணைக்கு இல்லை, உன் மகனுக்குத் துணைக்கு. அவன் ஜீப்புக்கு முன்னால் தனியாக நிற்கக் கூடாது. கீழே போட்டிருக்கும் கையெழுத்து ஊருக்கெல்லாம் இப்போது தெரிந்ததுதான்.

மறுக்கிறவள்,
பெரெஸ் அபுயா